சிற்பி ரீமன்ஷ்னைடர்

மேனாட்டுப் பழைய தேவாலயங்களுள் நுழைவார் கண்ணை முதற்கண் கவர்வது பலிபீடத்தின் பின்னே எழுந்து நிற்கும் சிற்பத்திரையாகும். மரத்தாலேனும் கல்லாலேனும் அமைந்த அத்திரையில் வேதாகம மாந்தரின் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். எழுத்தறிந்தோர் அருகியிருந்த அக்காலத்தே, ஏர்பிடிக்கும் உழவனும் தறிநெய்யும் தொழிலாளனும் அத்திரையை நோக்கியே சுவிசேஷ வரலாற்றை உள்ளத்திற் பதித்துக்கொண்டனர். அவற்றைச் செதுக்கியோருட் பலருடைய பெயரை இன்று அறிவாரில்லை. பெயர் நிலைத்த மிகச் சிலருள் ஒருவர், ஜெர்மனி தேசத்து வூர்ட்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த தில்மன் ரீமன்ஷ்னைடர் என்பார். அவர் மரத்திற் செதுக்கியே பெரும்புகழ் எய்தினார். ஆயினும் அவருடைய கடைசிப் பெரும்பணி கல்லால் ஆயது. மைட்பிரான் என்னும் சிற்றூரின் பங்குக் கோவிலில் அஃது இன்றும் நிற்கின்றது. அக்கல்லைச் செதுக்கிய கைகள் அதன்பின் பட்ட பாடு பெரிது. அதனை அறியாது அச்சிற்பத்தைக் காண்போர் அதன் பொருளிற் பாதியையே காண்பர் என்பது எம் கருத்து.

ரீமன்ஷ்னைடர் ஏறத்தாழ 1460-ஆம் ஆண்டில் ஹைலிகன்ஷ்டாட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெயரும் தில்மன் என்பதே. அந்நாளில் மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவிக்கு இருவர் போட்டியிட்டுப் போர் விளைத்தனர். அப்பூசலில் அகப்பட்டுத் தந்தையார் தம் உடைமையை இழந்து, ஹார்ட்ஸ் மலைப்பக்கத்து ஆஸ்டரோடே நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே நாணயசாலைத் தலைவராய் அமர்ந்தார். திருச்சபைத் தலைவர்களின் சண்டையால் ஓர் எளிய குடும்பம் ஊர்விட்டு ஊர் போக நேர்ந்தது. மகனுடைய வாழ்விலும் இத்தகையது ஒன்று பின்னர் நிகழ்ந்தது.

வூர்ட்ஸ்பர்க் நகரில் அவருடைய சிறிய தந்தையார் ஒருவர் திருச்சபைப் பணியில் இருந்தார். அவ்வுறவு பற்றியே இளைஞர் தில்மன் அந்நகரை அறிந்தார். தொழில் பயின்று பல ஊர் திரிந்தபின், 1483-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நகரத்து ஓவியர், சிற்பியர், கண்ணாடித் தொழிலாளர் ஆகியோர் கூடிய தூய லூக்கா சங்கத்திலே துணைத் தொழிலாளராகப் பெயர் பதிந்துகொண்டார். பதினான்கு மாதங்கள் கழித்து, 1485-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பொற்கொல்லர் ஒருவருடைய கைம்பெண்ணாகிய அன்னா என்பாளை மணந்தார். அவளுக்கு மூன்று ஆண்மக்கள் முன்னரே இருந்தனர். ஒரு வீடும் இருந்தது. அம்மணத்தால் அவர் நகரக்குடி உரிமையையும் தலைமைத் தொழிலாளர் நிலையையும் ஒருங்கே பெற்றார். இக்காலத்தார் இதனைக் கேட்டு நகைத்தல் கூடும். ஆனால் அக்காலத்துச் சங்க விதிகளின்கீழ், பிற ஊரிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளனுக்குச் சொந்தப் பட்டறை வைக்க இதனினும் நேரிய வழி அரிது. மனைவியரை ஒருவர்பின் ஒருவராக மரணத்திற்குக் கொடுத்து, அவர் மொத்தம் நான்கு முறை மணம் செய்துகொள்ள நேர்ந்தது.

அவருடைய முதற் பெரும்பணி மூனர்ஷ்டாட் நகரத்துப் பங்குக் கோவிலுக்காக 1490 முதல் 1492 வரை செய்த மகதலேனா மரியாள் பீடமாகும். அதில் ஒரு புதுமை இருந்தது. மரச்சிற்பங்களுக்குப் பொன்பூசிப் பலவண்ணம் தீட்டுதலே அந்நாள் வழக்கம். வண்ணம் தீட்டுவோன் செதுக்குவோனினும் மிகுதியாகக் கூலி பெறுதலும் உண்டு. ரீமன்ஷ்னைடரோ அப்பீடத்தை வண்ணமின்றி விட்டார். லிண்டன் என்னும் மென்மரத்தின் இயற்கை நிறத்தையே உடலாகவும் உடையாகவும் கொண்டு, கண்மணிகளையும் உதடுகளையும் மட்டுமே சிறிது நிறங்காட்டும்படி அமைப்பது அவர் முறை. வண்ணத்தின் துணை போயினமையின், முகத்தின் துயரமும் ஆடையின் மடிப்பும் உளியின் வன்மையாலேயே புலப்படவேண்டியனவாயின. ஊரார் இதனை விரும்பினரல்லர் போலும்! பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் வைட் ஷ்டாஸ் என்னும் வேறொரு பெருஞ்சிற்பியை அழைத்து அதற்கு வண்ணம் தீட்டுவித்தனர். ஊரார் கொண்ட குறையை யாம் இகழவில்லை. கண் பழகிய அழகை விடுதல் எவர்க்கும் அரிதே.

மரவேலையின் நுட்பம் ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். முழுமரத்தை அப்படியே செதுக்கினால் அதன் உள்வயிரம் உலர்ந்து வெடிக்கும். ஆகலின் உருவத்தின் பின்புறத்தைக் குடைந்து உள்வயிரத்தை நீக்கிவிடுவர். முன்னின்று காண்பார்க்கு முழு உருவமாகத் தோன்றுவது பின்னே வெறுங்கூடாக இருக்கும். கல்லுக்கு இக்குடைதல் வேண்டுவதில்லை. மைன் ஆற்றுப் புறத்து மணற்கல் குழியிலிருந்து எடுத்த புதிதில் ஈரப்பசையோடு மெல்லிதாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும். ஆனால் மரத்தில் மெல்லிய விரலையும் பறக்கும் ஆடைநுனியையும் தனித்து நிறுத்துவதுபோல் மணற்கல்லில் நிறுத்தலாகாது, ஒடிந்துவிடும். இரண்டு பொருளையும் ஒருங்கே ஆண்ட சிற்பியர் சிலரே. அவருள் இவர் ஒருவர்.

கல்வேலையில் அவர் பெயரை நாட்டியன ஆதாம், ஏவாள் என்னும் இரு மணற்கல் உருவங்கள். வூர்ட்ஸ்பர்க் சந்தை வெளியில் நகரமாந்தர் தம் செலவிற் கட்டிய மரியாள் ஆலயத்தின் தெற்கு வாயிலுக்காக 1491-ஆம் ஆண்டில் நகரசபையார் அவற்றைச் செய்யப் பணித்தனர். 1493-இல் அவை வாயிலில் நிறுத்தப்பட்டன. ஆதாமுக்குத் தாடி வேண்டுமா என்பதனை நகரசபையார் கூடி ஆராய்ந்து, தாடியின்றிச் செய்யலாம் என இசைந்தனர் என்பர். அதனால் ஆதாம் நமக்கு இளைஞனாகவே காட்சியளிக்கின்றான். பாவத்தின் முன்னரோ பின்னரோ என்று ஐயுறும்படி, வாய் சிறிது திறந்தவாறு, சொல்லெழாது நிற்கின்றான். அவ்வுருவங்களின் படிகளே இன்று வாயிலில் உள்ளன. மூலவுருவங்கள் ஆற்றுக்கு அப்பாலுள்ள மரியன்பர்க் கோட்டையின் காட்சிசாலையில் இருக்கின்றன. அக்கோட்டையின் பெயரை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்.

அதன்பின் வேலை வெள்ளம்போல் வந்தது. தொண்ணூறு ஆண்டு கடந்து இறந்த மேற்றிராணியார் ருடால்ப் ஷெரன்பர்க் அவர்களுக்குச் செம்பளிங்கிற் கல்லறைச் சிற்பம் செய்தார். அதில் முதியவர் கன்னக்குழிவும் கழுத்துச் சுருக்கமும் மறைக்காது காட்டப்பட்டுள்ளன. பாம்பெர்க் பேராலயத்தில் இரண்டாம் ஹென்றி சக்கரவர்த்திக்கும் அவர் தேவி குனிகுண்டாளுக்கும் கல்லறை அமைக்க 1499 முதல் 1513 வரை உழைத்தார். பட்டறையில் மாணாக்கரும் துணைத் தொழிலாளரும் திரண்டனர். வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் உடைய செல்வரானார்.

மரத்திற் செய்தவற்றுள் ரோட்டன்பர்க் நகரத்துத் தூய யாக்கோபு ஆலயத்தின் திருஇரத்தப் பீடம் தலையாயது. 1501 முதல் 1505 வரை அதற்குரிய உருவங்களைச் செய்தார். நடுவே இராப்போசனக் காட்சி அமைந்துள்ளது. நடுநாயகமாக நிற்பவர் கிறிஸ்துவல்லர். பணப்பையைக் கையிற் பிடித்த யூதாஸே. ஆண்டவர் ஒருபுறமிருந்து அவனுக்கு அப்பத் துணிக்கையை நீட்டுகின்றார். பந்தியில் இருந்த மற்றையோர் தம்முள் யாவன் அவன் என்று ஒருவரையொருவர் நோக்குகின்றனர். துரோகி தேவாலயத்தின் நடுவில் நிற்பதனைக் கண்டு முதலில் எமக்கு வியப்பே உண்டாயிற்று. எண்ணிப் பார்க்குங்கால், நற்கருணை பெற முழந்தாளிடும் ஒவ்வொருவனும் தன்னையே வினவிக்கொள்ளும்படி இவ்வாறு அமைத்தார் எனத் தோன்றுகின்றது. பெட்டகத்தின் பின்புறத்திற் பலகணிகள் திறந்திருத்தலால், ஒளி உருவங்களின் பின்னிருந்து வந்து, பொழுதுதோறும் முகங்களை மாற்றிக்காட்டும்.

ரோட்டன்பர்க் நகரம் 1544-இற் சீர்திருத்தச் சபையைத் தழுவியது. ஆயினும் அங்குள்ளோர் இப்பீடத்தை உடைத்தாரல்லர். கிரெக்லிங்கன் ஊர்ப்புறத்து ஆலயத்தில் அவர் செய்த மரியாள் பீடமோ, அவ்வூரார் சீர்திருத்தம் தழுவியபின் கதவடைக்கப்பட்டு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டு எவர் கண்ணிலும் படாதிருந்து, 1832-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உருவங்களைப் பகைத்தோர் மூடிவைத்தமையால் ஒளியும் புகையும் படாது அது காக்கப்பட்டது.

இனி, சிற்பியின் மற்றொரு வாழ்வைக் கூறுவாம். 1504-இல் அவர் நகரசபை உறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1509-இல் மேற்சபையில் இடம்பெற்றார். 1520-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நகரத்தலைவரானார். வூர்ட்ஸ்பர்க் நகரை ஆள்பவர் மேற்றிராணியார். அவர் திருச்சபைத் தலைவரும் அரசரும் ஒருங்கே ஆவர். மரியன்பர்க் கோட்டை அவர் அரண்மனை. நகரசபைக்கும் அவருக்கும் வரிபற்றியும் உரிமைபற்றியும் ஓயாப் பூசல் இருந்தது. ரீமன்ஷ்னைடர் மேற்றிராணியாரிடம் கூலி பெறும் சிற்பி; நகரமாந்தர் உரிமைக்குப் பேசவேண்டிய சபையினர். இவ்விரண்டும் எத்தனை நாள் ஒருவரிடத்து ஒத்திருத்தல் கூடும்?

இக்காலத்திலேதான், 1519-க்கும் 1525-க்கும் இடையே, மைட்பிரான் கற்பீடம் உருப்பெற்றது. வூர்ட்ஸ்பர்க் நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள அவ்வூரில் அந்நாள் சிஸ்டர்சியன் கன்னியர்மடம் ஒன்று இருந்தது. மடம் பின்னர்க் கலைந்தது. அதன் கோவில் ஊராரின் பங்குக் கோவிலாக நிலைத்தது. பீடத்தின் பின்னே மணற்கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது, சிலுவையினின்று இறக்கப்பட்ட ஆண்டவருக்காக அழும் காட்சி. உயிர்நீத்த திருவுடல் முன்னே கிடக்கின்றது. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு, தாயாகிய மரியாள், யோவான், மகதலேனா, ஏனைய பெண்டிர் யாவரும் நெருங்கிச் சூழ்ந்துள்ளனர். பின்னே சிலுவை வெறுமையாய் நிற்கின்றது. எவரும் வாய்விட்டு அலறுவதாகக் காட்டப்படவில்லை. கதறல் ஓய்ந்து, கண்ணீரும் வற்றி, செய்யவேண்டுவது அடக்கம் ஒன்றே எஞ்சிய நேரம் அது. மரத்தில் அவர் காட்டும் மென்மையைக் கல் ஏற்கவில்லை. உருவங்கள் கனத்து, செறிந்து, ஒரே பாறையினின்று அழுகை எழுந்தாற்போல் தோன்றுகின்றன. இதனைக் குறை என்பாரும் உளர். எமக்கோ இக்கனமே பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

கூட்டத்தின் நடுவே நறுந்தைலப் பாண்டம் ஏந்தி நிற்பவர் நிக்கொதேமு. அவருடைய முகம் சிற்பியின் சொந்த முகமே என்பது அறிஞர் பலர் கொள்கை. பெரும்பணிகளில் ஒரு மூலையில் தம் உருவை வைத்தல் அக்காலத்துச் சிற்பியர் சிலர்க்கு வழக்கமே. ஆனால் இவர் தெரிந்தெடுத்த இடத்தைச் சிந்திக்கவேண்டும். நிக்கொதேமு யார்? யூதருடைய ஆலோசனைச் சபையில் ஓர் உறுப்பினர். ஆண்டவரிடம் பகலில் வர அஞ்சி இரவில் வந்தவர். பின்னொரு நாள், ஒருவனை விசாரியாமலே தீர்ப்பளிப்பது நியாயமன்று என்று தம் சபையிலே துணிந்து எடுத்துக்கூறி, உடன் இருந்தோரால் இகழப்பட்டவர். எல்லாம் முடிந்தபின், சீஷர் பலர் ஓடியொளிந்த வேளையில், நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டு வெளிப்படையாக வந்தவர். நகரசபையில் ஏறத்தாழ இருபதாண்டு வீற்றிருந்த அறுபது வயதுச் சிற்பி ஒருவர், சபையினராகிய இம்மனிதருக்குத் தம் முகத்தைக் கொடுத்தார் எனின், அதனை வெறும் அலங்காரமாகக் கொள்ளுதல் எம்மால் இயலவில்லை.

1525-ஆம் ஆண்டு வந்தது. தென் ஜெர்மனியில் உழுகுடிகள் கிளர்ந்தெழுந்தனர். தசமபாகமும் பண்ணையடிமையும் கட்டாய வேலையும் அவர்களை நசுக்கின. காட்டில் விறகெடுக்கவும் ஆற்றில் மீன்பிடிக்கவும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. மெம்மிங்கன் நகரில் மார்ச்சு மாதத்தில் அவர்கள் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளுள் முதலாவது, தம் போதகரைத் தாமே தெரிந்தெடுத்தல். வேதாகமத்தையே சான்றாக வைத்து எழுதிய விண்ணப்பம் அது. விண்ணப்பத்தோடு நில்லாமல் மடங்களைக் கொள்ளையிட்டதும் கோட்டைகளை எரித்ததும் உண்மையே. அதனை மறைப்பது சரித்திரமன்று. லூத்தர் பெருமான் அவர்களை ஒடுக்கும்படி பிரபுக்களுக்குக் கடுமொழியில் எழுதினார். அவர்பால் எமக்குள்ள மதிப்புக் குறைவுடையதன்று. ஆயினும் அவ்வெழுத்தை எழுதாதிருந்தால் நலமாயிருக்கும் என்றே எண்ணுகின்றோம்.

கலகப்படை வூர்ட்ஸ்பர்க் நகரை நோக்கி வந்தது. மேற்றிராணியார் கொன்ராட் தூங்கன், நகரமாந்தர் தமக்குப் படைத்துணை தரவேண்டும் என்றார். நகரசபையார் உழவரை எதிர்த்துச் செல்ல மறுத்தனர். மறுத்தாருள் ரீமன்ஷ்னைடரும் ஒருவர். மேற்றிராணியார் நகரைவிட்டு வெளியேறினார். நகரத்தார் உழவரோடு சேர்ந்தனர். ஆற்றுக்கு அப்பாலுள்ள கோட்டையை முற்றுகையிட்டனர். மே மாதம் 15-ஆம் நாள் இரவு அதன்மேல் ஏறிப் பாய்ந்தவர் நூற்றுக்கணக்கில் மடிந்தனர், கோட்டை விழவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் பிரபுக்களின் படை வந்து, வெளியில் உழவரைக் கொன்று குவித்தது. நகரம் கதவைத் திறந்து பணிந்தது. தலைவர் பலர் தலை துணிக்கப்பட்டனர்.

ரீமன்ஷ்னைடர் ஏனைய சபையாரோடு சிறைப்பட்டார். மரியன்பர்க் கோட்டையிலேயே அவரை அடைத்தனர். எத்தனையோ ஆண்டுகளாக எந்த மேற்றிராணியர்க்குக் கல்லறையும் பீடமும் செய்தாரோ, அவருடைய பாதாளச் சிறையில், கொலைஞன் கையால் அவர் கடுமையாக வதைக்கப்பட்டார் என்று அக்காலத்துப் பதிவு கூறுகின்றது. எட்டு வாரங்களுக்குப்பின் ஆகஸ்டு மாதத்தில் விடுதலை பெற்றார். உடைமையில் ஒரு பகுதி பறிமுதலாயிற்று. சபை இருக்கையும் போயிற்று.

வதையின்போது அவருடைய கைகளை முறித்தனர், அதனால் அவர் பின்னர் உளிபிடிக்க இயலாதவரானார் என்று ஒரு கதை எங்கும் வழங்குகின்றது. பிற்காலத்துக் கதைநூலார் அதனைப் பெரிதும் பரப்பினர். சான்று யாதும் இல்லை. கிட்சிங்கன் நகரத்துக் கன்னியர்மடத்துக் கோவிலில் 1527-இல் அவர் செப்பனிடும் வேலை செய்தமைக்கோ சான்று உளது. ஆகவே கை இருந்தது, உளியும் பிடித்தது. வேலை கொடுப்பார்தாம் இல்லை. முறிந்த கையைப் பற்றிய கதை கேட்பதற்கு உருக்கமானது. ஆயினும், பேராலயங்களை அணிசெய்த கைக்கு உடைந்த சிற்பத்தை ஒட்டும் கூலிவேலையே எஞ்சியது என்னும் உண்மை, அக்கதையினும் கொடிது என யாம் கருதுகின்றோம். 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில், போர் ஓய்ந்த சில வாரங்களுள், ஜெர்மானிய நூலாசிரியர் தாமஸ் மான் என்பார் அமெரிக்காவில் நிகழ்த்திய சொற்பொழிவில், தம் நாட்டார் வரலாற்றிற் போற்றத்தக்காருள் ஒருவராக இச்சிற்பியை எடுத்துரைத்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள் குண்டுவீச்சில் வூர்ட்ஸ்பர்க் எரிந்தபோது, நாய்மூன்ஸ்டர் ஆலயத்தில் அவர் செய்துவைத்த மூன்று திருத்தொண்டர் மரவுருவங்களும் சாம்பலாயின.

அவர் தம் உள்ளத்தை எழுத்தில் வைத்தாரல்லர். உழவர்மேல் இரக்கம்பற்றி மறுத்தாரா, நகர உரிமைபற்றி மறுத்தாரா என்று அறிஞர் இன்றும் வழக்கிடுவர். புரட்சித் தலைவராக அவரை வரைவோரும் உளர், அது மிகை. அவர் ஒரு சபையில் ஒரு குரல் கொடுத்தார். அதன் பயனைத் தாங்கினார். அதற்குமேல் அவரைப் பெரிதாக்க வேண்டுவதில்லை.

1531-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் நாள், தூய கிலியன் திருநாளுக்கு முதல்நாள், ரீமன்ஷ்னைடர் இறந்தார். பேராலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகன் யார்க் என்பார் தந்தையின் உருவைச் செதுக்கிக் கல்லறைக்கல் நாட்டினார். பின்னர் அவர் பெயரே உலகோர் நினைவினின்று மறைந்தது. அவர் செய்த பீடங்களின் முன் மக்கள் செபித்துக்கொண்டிருந்தனர். செய்தவர் இன்னார் என்று எவரும் கேட்கவில்லை. 1822-இல், வழி அமைக்க நிலத்தைத் தோண்டியபோது அக்கல்லறைக்கல் வெளிப்பட்டது. முதிர்ந்த மனிதர் ஒருவர் கையிற் செபமாலையோடு நிற்கின்றார். அதன் ஓரத்தில் வெட்டிய எழுத்து, அவர் மதிப்புடையவர் என்றும், கலைவல்ல சிற்பி என்றும், வூர்ட்ஸ்பர்க் நகரக்குடி என்றும் கூறி, கடவுள் அவருக்கு இரங்குமாறு வேண்டி முடிகின்றது. நகரத்தலைவர் என்னும் பட்டம் அதில் வெட்டப்படவில்லை.